மூச்சு விடும் கதவு

மாலை ஐந்தரை மணி. தித்திவங்சா மலைத்தொடரின் மேல் மேகம் கறுத்து நிற்கிறது, மழை இன்னும் இறங்கவில்லை. ஈப்போவில் வளர்ந்தவர்களுக்கு இந்த அரை மணி நேரம் நன்றாகத் தெரியும். இலை அசையாது. கழுத்தில் வழியும் வேர்வை காயாது. புந்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் வாடகைக்கு இருக்கும் என் சின்னம்மா முன்கதவைத் திறப்பார், ஐந்து நிமிடம் கழித்து மூடுவார், மறுபடி திறப்பார்.

"தெறந்தா கொசு, மூடுனா புழுக்கம். எதத்தான் தாங்குறது, நீயே சொல்லு" என்றார் ஒருநாள். பிறகு, எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "தோட்டத்துல லயத்து வீடு இப்படியா இருந்துச்சு? ராத்திரி போர்வை கேட்கும்."

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். பால்மரங்கள் செம்பனையாக மாறி, பிறகு தோட்டமே கைமாறி, குடும்பங்கள் ஊர் ஊராகப் பிரிந்து அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. லயத்து வீடு குளிர்ச்சியாக இருந்தது என்பதை நான் பல வருடங்கள் வெறும் ஏக்கமாகவே எடுத்துக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் இயற்பியல் என்று தெரிந்தது. மீதியில், அவர் சொல்லாமல் விட்ட ஒரு கதை இருந்தது.

முதலில் வீட்டின் உடம்பைப் பார்ப்போம். பழைய லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பலகையால் ஆனவை. பல லயங்கள் கால்களின் மேல் நின்றன. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு. சுவருக்கும் கூரைக்கும் இடையில் திறப்பு. பலகை கனமில்லாதது, பகலில் வாங்கும் சூட்டை அதிக நேரம் வைத்திருக்காது. பொழுது சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிடும். அடுக்குமாடியின் சிமெண்டுச் சுவரும் தளமும் அப்படியல்ல. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கின்றன. வெளியே 25 டிகிரிக்கு இறங்கிய பிறகும் உள்ளே சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான். அந்தச் சூட்டை வெளியேற்ற ஒரே மலிவான வழி, இரவுக் காற்றை வீட்டுக்குள் ஓட விடுவது.

சின்னம்மா சொல்லாமல் விட்ட கதை, அந்த இடுக்குகள் வழியே வேறு என்ன வந்தது என்பது. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர் தொடங்கியது. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்காகக் காடுகள் மளமளவென அழிக்கப்பட்டன. மலையடிவார ஓடைகளின் மேல் வெயில் விழுந்தது. அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசுவுக்கு அப்படி வெயில் படும் தெளிந்த ஓடைதான் தொட்டில். காட்டை வெட்டினால் காய்ச்சல் குறையும் என்று நம்பிய காலத்தில், மலைப்பாங்கான நிலத்தில் காட்டை வெட்டியதே காய்ச்சலைக் கூட்டியது. கிள்ளானில் 1901 முதல் மலேரியாவை எதிர்த்து வேலை செய்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் இதைத் தோட்டம் தோட்டமாகக் கண்டறிந்து, 1911-இல் ஒரு நூலாகவே எழுதினார். நிலத்தடி வடிகால், தண்ணீரில் எண்ணெய் தெளிப்பு என்பவை அவர் வழிகள். அந்த வடிகால்கள் வந்து சேருவதற்குள் மண்ணுக்குள் போன தமிழர்களின் எண்ணிக்கை சாதாரணமானதல்ல. லயத்துக் காற்றை நினைத்து மகிழும்போது அவர்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கொசுவைத் தடுக்க வலை என்ற யோசனை அப்போதே இருந்தது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் 1897 ஆகஸ்டு 20 அன்று கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்துவிட்டார். ஆனால் உலகம் உடனே நம்பவில்லை. மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் இரவுக் காற்றுதான் காய்ச்சல் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். இதைச் சோதிக்க 1900-ஆம் ஆண்டுக் கோடையில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் ஒரு குடிசையை ரோமாபுரிக்கு அருகே, மலேரியாவுக்குப் பேர்போன ஒஸ்டியா பகுதியில் நிறுத்த ஏற்பாடு செய்தார். கதவுக்கும் சன்னலுக்கும் வலை. சாம்பன், லோ என்ற இரு மருத்துவர்கள் துணைக்கு ஆட்களோடு காய்ச்சல் மாதங்களை அதில் கழித்தார்கள். பகலில் ஊருக்குள் திரிந்தார்கள். பொழுது சாயும் முன் குடிசைக்குள் வந்துவிடுவார்கள். கொயினா மாத்திரை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊர்க் காற்றையே இரவெல்லாம் வலை வழியாகச் சுவாசித்தார்கள். ஒருவருக்கும் மலேரியா வரவில்லை.

எனக்கு இது அறிவியல் வரலாற்றின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. காற்றும் கொசுவும் ஒரே கதவு வழியாகத்தான் வருகின்றன. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது ஒரு சல்லடைத் துணி.

ஆனால் மலாயா லயங்களுக்கு வலை பெரிதாக வந்து சேரவில்லை. அதற்குக் காரணம் வறுமை மட்டுமல்ல. இடுக்கு நிறைந்த பலகை வீட்டில் எதை மூடுவது? விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்கும் ஆளுக்கு வீட்டு வலை எத்தனை மணி நேரம் காவல் இருக்கும்? வாட்சன் கொசுவின் பிறப்பிடத்தைத் தேடிப் போனதில் நியாயம் இருந்தது.

இன்று நிலைமை தலைகீழ். மலேசியாவில் மனிதர்களுக்கிடையே பரவும் பழைய வகை மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை. (காட்டுக் குரங்கிலிருந்து வரும் நோல்சி வகை வேறு கதை.) நம் நடைபாதைகளில் இப்போது சுற்றுவது டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு. 2019-இல் மட்டும் இந்நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். இது புகை அடித்தால் மட்டும் தீரும் விஷயமாக இல்லை. ஏடிஸ் பகலில் கடிக்கும். விடிந்த பின் சில மணி நேரமும் பொழுது சாயும் முன் சில மணி நேரமும் அதற்குப் பசி அதிகம். லயத்து வீட்டுக்கு ஏற்ற கட்டில் கொசுவலை, படுத்துத் தூங்கும் நேரத்துக்கானது. சின்னம்மா கதவைத் திறக்கும் மாலை ஐந்தரை மணிக்கு அது சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆக, காவல் நிற்க வேண்டிய இடம் கட்டிலிலிருந்து கதவுக்கு மாறிவிட்டது.

அடுத்து வலை. கடையில் விற்கும் சாதாரண வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு திசையில் 18 இழை, மறு திசையில் 16 இழை. இழையின் தடிமன் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒவ்வொரு துளையும் 1.1-க்கு 1.3 மில்லிமீட்டர். கொசுவின் கால் நுழையும், உடம்பு நுழையாது. மொத்தப் பரப்பில் திறந்திருப்பது 66 விழுக்காடு. அப்படியானால் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று தோன்றும்.

அங்கேதான் காற்று நம்மை ஏமாற்றுகிறது. காற்றுக்கும் பிசுபிசுப்பு உண்டு, தேனுக்கு இருப்பது போல, மிகமிகக் குறைவாக. பலத்த காற்றுக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் வினாடிக்கு இருபது சென்டிமீட்டர் நகரும் சோம்பல் காற்று, தலைமுடி போன்ற இழையைத் தாண்டும்போது, ஒவ்வோர் இழையும் தன்னைச் சுற்றி அசையாத காற்றால் ஓர் உறை போர்த்திக்கொள்கிறது. நம் கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும் இழை, காற்றின் பார்வையில் தடித்துப் போகிறது. துளை சுருங்குகிறது. அதனால் மெல்லிய காற்றில் வலை ஏறத்தாழ பாதியளவு ஓட்டத்தைத் தின்றுவிடும். பொடிப்பூச்சிக்கு எதிரான நெருக்கமான வலை வாங்கினால் இன்னும் மோசம். இரு பக்கமும் மலை நிற்கும் கிந்தா பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலான நாள் மென்மையாகத்தான் வீசும். கடற்கரைப் பக்கம் எடுபடும் சின்னச் சன்னல் வலை ஈப்போவில் எடுபடாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் தின்னப்படும் பாதியை எங்கிருந்து மீட்பது? பரப்பைக் கூட்டி மீட்கலாம். வீட்டில் மிகப் பெரிய திறப்பு கதவு. அதைவிட முக்கியமானது அதன் உயரம்.

காற்றே வீசாத நேரத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே வெளியேவிட மூன்று டிகிரி சூடு அதிகம். சூடான காற்று லேசானது. கதவின் மேல்பாதி வழியாக வெளியே நழுவும், குளிர்ந்த காற்று கீழ்ப்பாதி வழியாக உள்ளே வரும். ஒரே கதவு, இரண்டு திசைப் போக்குவரத்து. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவருகே மேலும் கீழுமாகப் பிடித்துப் பாருங்கள். புகை மேலே வெளிப்பக்கமும் கீழே உட்பக்கமும் சாய்வது தெரியும். நடுவில் ஓர் உயரத்தில் எந்தப் பக்கமும் சாயாது. இந்த ஓட்டம் உயரத்தோடு சரிசமமாகக் கூடுவதில்லை. ஒரே அகலத்தில் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் ஓட்டம் 2.8 மடங்காகும். இரண்டு மீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வெறுங்கதவு வழியாக, மூன்று டிகிரி வித்தியாசத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 150 லிட்டர் காற்று மாறும். 650 சதுர அடி வீட்டின் காற்று முழுவதும் மாற 17, 18 நிமிடம். வலை போட்டால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். மூடிய கதவோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல்.

காற்று வீசினால் கணக்கு வேறு. காற்று வந்தால் போக வேண்டும். முன்கதவு எவ்வளவு அகலமாக இருந்தாலும், பின்பக்கத் திறப்பு சின்னதாக இருந்தால் ஓட்டத்தைத் தீர்மானிப்பது அந்தச் சின்னதுதான். முன்னால் வலைக்கதவில் 1.2 சதுர மீட்டர் திறப்பு, பின்னால் நாக்கோ சன்னலில் 0.6 என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 0.54 சதுர மீட்டர் போலத்தான் வேலை செய்யும். முன்கதவை எத்தனை பெரிதாக்கினாலும் 0.6-ஐத் தாண்டாது. பின்பக்கத்தில் அதே அளவில் இன்னொரு சன்னலைத் திறந்தால் 0.85 ஆகிவிடும். சின்னம்மா வீட்டில் நான் செய்த முதல் வேலை, பின்கட்டு நாக்கோவில் துருப்பிடித்து இறுகிக் கிடந்த கண்ணாடிப் பட்டைகளுக்கு எண்ணெய் போட்டது.

நாட்டின் 1984-ஆம் ஆண்டுக் கட்டட உபவிதிகளும் ஒவ்வோர் அறைக்கும் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், அதே தரைப்பரப்பில் 5 விழுக்காடாவது தடையில்லாமல் காற்று போகும் திறப்பும் கேட்கின்றன. தடையில்லாமல் என்ற சொல்லை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அந்த ஐந்து விழுக்காட்டின் மேல் வலையைப் போட்டவுடன் அது ஐந்தாக இருப்பதில்லை. வலை இல்லாமல் திறக்கவும் முடியாத நாட்டில், விதி கேட்கும் குறைந்த அளவு உண்மையில் போதாது என்பது என் எண்ணம்.

ஏர்கோன் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் மாட்டும் ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறையில் இருவர் தூங்கினால், இறுக மூடிய நிலையில், கரியமில வாயு ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 1000 பங்கு ஏறும். வெளிக்காற்றில் மொத்தமே 420 சொச்சம். காலையில் தலை கனமாக எழுவதற்கு நாம் தலையணையைக் குறை சொல்கிறோம்.

இந்தக் கரியமில வாயுதான் என்னை மிகவும் வியக்க வைத்த இடத்துக்குக் கொண்டுபோனது. கொசு நம்மைத் தேடி வர முக்கியமாகப் பிடிக்கும் தடயங்களில் இந்த வாயுவும் ஒன்று. ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் ஸ்டீவ் லிண்ட்சே என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பல வருடங்களாக வீட்டையே சோதனைச்சாலையாக்கி வேலை செய்கிறார்கள். 2009-இல் வெளியான அவர்கள் ஆய்வில், கதவுக்கும் சன்னலுக்கும் வலை போட்டு, கூரை இடுக்கை அடைத்த வீடுகளில் மலேரியாக் கொசு 59 விழுக்காடு குறைந்தது, பிள்ளைகளுக்கு இரத்தச்சோகையும் குறைந்தது. அதன் பிறகு சோதனை வீடுகளில் கதவுகளையும் சன்னல்களையும் வலையால் அமைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டியபோது, வீடு குளிர்ந்ததோடு கொசு நுழைவதும் குறைந்தது. காற்று நன்றாக மாறும் வீட்டில் கரியமில வாயு தேங்குவதில்லை. அப்படிப்பட்ட வீட்டின் வாசனை கொசுவுக்கு மங்கலாகத் தெரிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இறுக மூடிய, கதவடியில் மட்டும் இடுக்குள்ள வீடு, தன் மூச்சு முழுவதையும் அந்த ஒரு இடுக்கு வழியாக ஊதி கொசுவுக்கு வழி காட்டுகிறது.

2021-இல் அதே குழு, ஒரு குடிசையைத் தரையிலிருந்து மூன்று மீட்டர் தூக்கி நிறுத்தியபோது உள்ளே வந்த கொசு 84 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. கால்களின் மேல் நிற்கும் மலாய் கம்போங் வீட்டையும் பழைய லயத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் படம் புதிதல்ல. (நான்காவது மாடியில் இருந்தால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அனாபிலிஸ் கணக்கு. ஏடிஸ் பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் மாடி மாடியாக நம்மோடு குடியேறும்.)

வாடகை வீட்டின் சிக்கலுக்கு வருகிறேன். சொந்த வீடு என்றால் அலுமினியச் சட்டம் போட்டு நிரந்தரமாக வலைக்கதவு மாட்டலாம். சின்னம்மாவின் வீட்டுக்காரர் கதவு நிலையில் ஆணி அடிக்கக் கூடாது என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட்டார். ஆகவே நடுவில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் இரட்டைத் திரை வலை வாங்கினோம். ஓரங்களில் வெல்க்ரோ பட்டை.

முதல் வலை இரண்டு வாரத்தில் விழுந்தது. தப்பு என்னுடையது. காற்றின் விசையை நான் நினைத்துப் பார்க்கவில்லை. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகக் காற்று முழுதாக மூடிய கதவை ஏறத்தாழ நூறு கிராம் எடை அளவுக்குத்தான் தள்ளும்; ஒரு கை அரிசி. மழைக்கு முன் வரும் காற்று வினாடிக்கு ஐந்து மீட்டர் என்றால் விசை ஐந்து மடங்கல்ல, இருபத்தைந்து மடங்கு: இரண்டரைக் கிலோவுக்கு மேல். வலை அதில் ஒரு பகுதியை ஊடே விட்டுவிடும் என்றாலும், மீதி முழுவதும் மேல் ஓரத்துப் பசையில்தான் தொங்குகிறது. பசைக்கும் நேரம் வேண்டும். ஒட்டியவுடன் அது மரத்தின் நுண்குழிகளுக்குள் முழுதாக இறங்கியிருக்காது. நிலையை ஸ்பிரிட்டால் துடைத்து, பட்டையை மட்டும் அழுத்தி ஒட்டி, ஒரு நாள் விட்டு மறுநாள் வலையைத் தொங்கவிட்டபோது அது நின்றது. சுண்ணாம்பு போல உதிரும் சாயத்தின் மேல் எந்தப் பசையும் நிற்காது. அப்படிப்பட்ட நிலைக்கு, இரு பக்கமும் முட்டி நிற்கும் ஸ்பிரிங் கம்பியில் மேல் ஓரத்தைக் கோத்துத் தொங்கவிடுவது மேல்.

காந்தத்தில் இன்னொரு நுணுக்கம். இழுவிசை தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். சில மில்லிமீட்டர் விலகினாலே பிடி போய்விடும். வலையை விறைப்பாக இழுத்து ஒட்டினால் நடு இரண்டும் ஒன்றையொன்று எட்டாது. நிலையைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம் கூடுதலாக, கொஞ்சம் தொய்வாக விட வேண்டும். கீழ் ஓரத்தில் எடை வேண்டும், தரையைத் தொட வேண்டும். கறுப்பு வலை வெள்ளை வலையைவிடக் கண்ணுக்குக் குறைவாக மறைக்கும். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காததால் ஊடே பார்க்கலாம்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வலைகளில் பல பாலியெஸ்டர். சூடு பட்டால் உருகிச் சொட்டும். நம் வீடுகளில் வாசலில்தான் விளக்கு வைப்போம், கொசுவத்தியும் பெரும்பாலும் கதவோரத்தில்தான். இரண்டையும் வலையிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி வையுங்கள். காந்தத் திரையைத் தள்ளினால் திறந்துவிடும், அது நல்லது. அதற்கு வெளியே கிரில்லில் தொங்கும் பூட்டுதான் ஆபத்து. அதன் சாவி உள்பக்கம், பிள்ளைக்கும் எட்டும் ஆணியில் இருக்கட்டும். தானே மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு உள்ள கட்டடத்தில், வலைக்காக அந்தக் கதவுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கவே கூடாது. அங்கே சன்னல்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

புகைமூட்ட நாட்களில் வலை உதவாது. சுமத்ராவிலிருந்து வரும் நுண்துகள் 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் சிறியது. வலைத்துளை அதைப்போல நானூறு மடங்குக்கும் மேல் பெரியது. அந்த நாட்களில் கதவை மூடத்தான் வேண்டும். மற்ற நாட்களில் தூசி இழைகளில் படிந்து துளையைச் சுருக்கும். மாதம் ஒருமுறை கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும்.

ஒன்பது மாதம் அந்த வலை சின்னம்மா வீட்டில் தொங்கியது. மாலையில் கதவு திறந்தே இருந்தது. எதிர்வீட்டு மலாய் அம்மா வலை வழியாகவே பேசிவிட்டுப் போவார். லயத்து வாசலில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது என்றார் சின்னம்மா.

போன மாதம் வீடு மாறினார், குனோங் ராப்பாட் பக்கம். முந்தின நாள் நான் போய் முடி உலர்த்தியால் பட்டைகளைச் சூடாக்கினேன். சூட்டில் பசை இளகி, மெதுவாக இழுத்தால் சாயத்தை விட்டுப் பிரிந்து வந்தது. மீதி ஒட்டிக்கொண்டிருந்ததைத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தோம். வீட்டுக்காரர் நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். புது வீட்டுக் கதவு ஐந்து சென்டிமீட்டர் அகலம் அதிகம். சின்னம்மா வலையை மடியில் போட்டுக்கொண்டு, பழைய கைலி ஒன்றைக் கிழித்து ஓரத்தில் பட்டையாகத் தைத்துக்கொண்டிருந்தார்.